கிறிஸ்துமஸ் காலுறையும் இயற்பியலும்

இங்கிலாந்து நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, குழந்தைகள் கட்டிலின் கால்மாட்டிலோ கணப்பு அடுப்பின் மேலோ ஒரு பெரிய காலுறையைத் தொங்க விடுவது வழக்கம். பொழுது விடிந்ததும் அது பரிசுகளால் நிறைந்திருக்கும். இவ்வழக்கத்துக்கு ஒரு கதை கூறுவார்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மைரா என்னும் ஊரில் நிக்கலஸ் என்ற ஆயர் இருந்தார். ஓர் ஏழைத் தந்தைக்குத் தன் மூன்று பெண்களை மணம் செய்து கொடுக்க வழியில்லை என்று அறிந்து, இரவில் யாரும் காணாமல் அவர் வீட்டுக்குள் பொன்னை எறிந்துவிட்டுப் போனாராம். அது, உலர்வதற்காகத் தொங்கிய காலுறைக்குள் விழுந்ததாம்.

கதையில் பொன் என்றாலும் நடைமுறையில் காலுறைக்குள் போனவை ஓர் ஆரஞ்சுப் பழம், சில கொட்டைகள், ஒரு சிறு பொம்மை. இன்று பெரியவர்களும் ஒருவருக்கொருவர் காலுறை நிரப்பிக்கொள்கிறார்கள். உள்ளே போகும் பொருள் உருவில் சிறியதாகவும், விலையில் மலிவாகவும் இருக்க வேண்டும். ஆகவே டிசம்பர் மாதத்தில் அந்நாட்டுக் கடைகளில் உதட்டுக் களிம்பு, கைக்குப் பூசும் கிரீம், நகப்பூச்சு, குளியல் குண்டு, மினுமினுக்கும் கண்ணிமைப் பூச்சு முதலிய சிறுசிறு அழகுப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. இவற்றுள் எதை வாங்குவது? விளம்பரத்தைக் கேட்டால் எல்லாவற்றையும் வாங்கச் சொல்லும். இயற்பியலைக் கேட்டால் என்ன சொல்லும் என்று பார்ப்போம்.

மாணவ நண்பர்களே, கேள்வியை ஓர் உதாரணத்தோடு எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டர் நகரில் உங்கள் வயதுடைய ஒரு மாணவி இருக்கிறாள். அவள் அம்மா மருத்துவமனையில் நர்ஸ். நாள் முழுவதும் பலமுறை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டிய வேலை. குளிர்காலம் வந்தால் விரல் கணுக்களில் தோல் வெடித்து, சில நாள்களில் இரத்தமும் கசியும். மகளின் கையில் 10 பவுண்டு இருக்கிறது. அம்மாவின் காலுறையை அவள் நிரப்ப வேண்டும்.

குளிர் காற்று ஏன் உலர்ந்த காற்று?

முதலில், தோல் ஏன் வெடிக்கிறது? "குளிரால்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி விடைதான். வெளியே வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 4.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும், அதோடு தெவிட்டிவிடும். இந்தக் காற்று வீட்டுக்குள் வருகிறது. வீட்டில் வெப்பமூட்டிகள் அதை 20 டிகிரிக்குச் சூடாக்குகின்றன. 20 டிகிரிக் காற்றோ கன மீட்டருக்கு 17.3 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. ஆனால் உள்ளே இருப்பது அதே 4.8 கிராம். ஒப்பு ஈரப்பதத்தைக் கணக்கிடுங்கள்: 4.8ஐ 17.3ஆல் வகுத்தால் சுமார் 28 சதவீதம். வெளியே மூடுபனியில் நூறு சதவீதமாக இருந்த காற்று, கதவைத் தாண்டி உள்ளே வந்து சூடேறியதும் பாலைவனக் காற்றைப் போல் ஆகிவிடுகிறது! சமையலும் மூச்சுக் காற்றும் இதைச் சற்று உயர்த்தும் என்பது உண்மையே. ஆயினும் காற்று வறண்டதுதான்.

இதே டிசம்பரில் சென்னையைப் பாருங்கள். 25 டிகிரி வெப்பநிலை, 75 சதவீத ஈரப்பதம் என்று கொண்டால், கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவி. மான்செஸ்டர் அறையிலிருப்பதைப் போல் மூன்றரை மடங்கு. ஆகவே அங்கே மிகவும் பயன்படும் ஒரு பரிசு சென்னையில் வெறும் பிசுபிசுப்பாக முடியக்கூடும். அயல்நாட்டு விளம்பரத்தைப் பார்த்து அதே கிரீமை இங்கே வாங்கிப் பூசிக்கொண்டு வியர்த்து வழிபவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எந்தப் பொருளையும் அது எந்தக் காற்றில் பயன்படப் போகிறது என்பதைப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

இலையும் உதடும்

உங்கள் தாவரவியல் வகுப்பில் நான்கு இலைச் சோதனையைச் செய்திருப்பீர்கள். அரளி போன்ற ஒரே செடியின் நான்கு இலைகள். ஒன்றின் மேற்பரப்பில் வாசலின் தடவுவோம், இன்னொன்றின் அடிப்பரப்பில், மூன்றாவதற்கு இருபுறமும், நான்காவதற்கு எதுவுமில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால், இருபுறமும் வாசலின் தடவிய இலை மற்றவற்றைவிடக் குறைவாக வாடிப் பசுமையாக இருக்கும். நீர் வெளியேற வழியில்லை. உதட்டுக் களிம்பின் முழு இரகசியமும் இந்தச் சோதனையில் அடங்கியிருக்கிறது.

நம் தோலின் மேலடுக்கு வழியாக எந்நேரமும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது. தோலில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப் பசை அதை மட்டுப்படுத்துகிறது. சோப்பு இந்தப் பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். உதட்டிலோ எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லையென்றே சொல்லலாம், மேலடுக்கும் மெல்லியது. உதடு உலரும்போது நாக்கால் ஈரப்படுத்துகிறோம். அந்த ஈரம் ஆவியாகும்போது உதடு முன்னிலும் உலர்ந்துபோகிறது. நீரை மேலே தடவுவதால் பயனில்லை. உள்ளிருக்கும் நீர் போகாமல் தடுக்க ஒரு படலம் வேண்டும்.

அந்தப் படலத்துக்கு உலகிலேயே மிக மலிவான பொருள்களுள் ஒன்று பெட்ரோலிய ஜெல்லி. இதன் வரலாறு சுவையானது. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலார் அங்கே சென்றபோது, பம்புத் தண்டுகளில் படியும் கறுத்த மெழுகைத் தொழிலாளர்கள் சபித்துக்கொண்டே சுரண்டி எறிவதையும், அதே மெழுகை வெட்டுக்காயத்திலும் தீப்புண்ணிலும் தடவிக்கொள்வதையும் கண்டார். அதை எடுத்து வந்து, பல ஆண்டுகள் முயன்று தூய்மைப்படுத்தி, 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். காயத்தை ஆற்றும் மருந்து எதுவும் அதில் இல்லை. அது காயத்தை மூடி, ஈரத்தைக் காக்கிறது. தோல் தானே ஆறிக்கொள்கிறது.

அப்படியானால் விலையுயர்ந்த உதட்டுக் களிம்பில் கூடுதலாக என்ன இருக்கிறது? குச்சி வடிவில் நிற்பதற்காகத் தேன்மெழுகு சேர்ப்பார்கள். தேன்மெழுகின் உருகுநிலை 62 முதல் 64 டிகிரி. ஆகவே சட்டைப்பையில் உருகாது. அதோடு ஆமணக்கெண்ணெய் போன்ற ஓர் எண்ணெய் சேர்வதால் உதட்டில் எளிதாக வழுக்கும். பிறகு மணம், நிறம். சிலவற்றில் மென்தால் சேர்ப்பார்கள். பூசியதும் சில்லென்றிருக்கும், "வேலை செய்கிறது!" என்று நமக்குத் தோன்றும். வெப்பநிலைமானியை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்கு உதடு குளிர்ந்திருக்காது. தோல் நரம்புகளின் நுனியில் குளிரை உணரும் புரதம் ஒன்று உண்டு. மென்தால் மூலக்கூறு அதைத் தூண்டிவிடுகிறது. மூளைக்குப் போகும் செய்தி பொய்ச் செய்தி. வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் இத்தகைய புரதங்களைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அறிவியலுக்கு அது பெரிய செய்தி. வெடித்த உதட்டுக்கோ மென்தாலால் நன்மையில்லை, எரிச்சலே உண்டாகலாம்.

நகப்பூச்சும் பூசியவுடன் சில்லென்றிருக்கும். ஆனால் அது உண்மைக் குளிர்ச்சி. அதிலுள்ள எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான் ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை விரலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இந்த ஆவி எளிதில் தீப்பற்றும். கிறிஸ்துமஸ் மெழுகுவத்திகளின் அருகில் உட்கார்ந்து நகப்பூச்சுப் பூசுவது அறிவுடைமையாகாது.

இனி, நர்ஸ் அம்மாவின் கைக்கு வருவோம். இரு கைகளின் பரப்பு ஏறக்குறைய 800 சதுர சென்டிமீட்டர். நூறில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஜெல்லி தடவினால் ஆகும் பருமன் 0.8 கன சென்டிமீட்டர். நிறை சுமார் 0.7 கிராம். 50 கிராம் டப்பா ஒன்று 70 இரவுகளுக்கு வரும். டிசம்பர் கடைசியில் தொடங்கினால் குளிர்காலமே முடிந்துவிடும்! கை கழுவியபின் தோலில் ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். காக்க வேண்டிய நீர் அப்போதுதான் உள்ளே இருக்கிறது.

இரவு என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலிய ஜெல்லி இயற்கை ரப்பரைக் கெடுக்கும். இயற்கை ரப்பர்க் கையுறை அணிந்து வேலை செய்யும் நர்ஸ் அதைப் பகலில் பூசிக்கொண்டால் கையுறை வலுவிழந்து கிழியக்கூடும். அவருக்கு அது பிசுபிசுப்பைவிடப் பெரிய தொல்லை. ஆகவே பகலுக்கு ஒரு கிரீம் தேவைப்படுகிறது.

கிரீம் என்பது ஒரு பால்மம். அதாவது, பாலில் கொழுப்பு இருப்பது போல, நீரில் எண்ணெய் நுண்துளிகளாகப் பரவி நிற்பது. பல கைக் கிரீம்களில் பாதிக்கு மேல் தண்ணீர். பூசிய சில நிமிடங்களில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும்; மிஞ்சுவது எண்ணெயும் கிளிசரினும். பெட்டியின் பின்புறத்தில் உள்ளடக்கப் பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். நிறையில் மிகுந்தது முதலில் வர வேண்டும் என்பது விதி. ஒரு சதவீதத்துக்குக் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். 'அக்குவா' என்று முதலில் இருந்தால் அது தண்ணீர். இலத்தீனில் எழுதினால் விலை கூடும் போலும்! இரண்டாவது மூன்றாவது இடத்தில் கிளிசரின் இருந்தால் அது நல்ல கிரீம். பெட்டியின் முகப்பில் பெரிய படமாகப் போட்டிருக்கும் முத்து, பட்டு, அபூர்வ மலர் முதலியன பட்டியலின் கடைசியில் வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தால், அவை படத்தில்தான் இருக்கின்றன என்று கொள்க.

கிளிசரின் காற்றிலுள்ள நீரை ஈர்க்கும் தன்மையுடையது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்கலாம். ஒரு கடிகாரக் கண்ணாடித் தட்டில் 10 கிராம் கிளிசரின் எடுத்து, மழைக்காலத்தில் ஒரு வாரம் திறந்து வைத்து, நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். நிறை கூடிக்கொண்டே வரும்.

டப்பாவின் வடிவியல்

அடுத்து டப்பாவைப் பார்ப்போம். மேசைமேல் கம்பீரமாக நிற்கும் ஒரு சிமிழ். வெளி விட்டம் 6 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்க. உருளையின் பருமன் சூத்திரப்படி 141 கன செ.மீ. மூடியைத் திறந்தால் சுவர் இரட்டைச் சுவராக இருக்கிறது. சுற்றிலும் 1 செ.மீ. போய்விட்டது. அடியிலும் 1.5 செ.மீ. உயர்த்தியிருக்கிறார்கள். உள் விட்டம் 4, உயரம் 3.5. பருமன் 44 கன செ.மீ. மட்டுமே! கண்ணுக்குத் தெரிந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை. உள்ளளவு டப்பாவில் எழுதியே இருக்கும். விட்டம் இருபடியாகப் பருமனில் வருகிறது என்பதை வாங்குபவர் மறந்துவிடுகிறார், தயாரிப்பவர் மறப்பதில்லை. பரிசுப் பெட்டிகளில் அழகாக அடுக்கிய சின்னஞ்சிறு குழாய்களுக்கும் இதே கதைதான். நூறு கிராமுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்த பிறகே பையில் கை விட வேண்டும்.

"இரண்டின் விலைக்கு மூன்று" என்ற சலுகையும் அங்கே பெயர் பெற்றது. கிறிஸ்துமஸ் பரிசுகளுக்கு இதை வழங்கி வரும் பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்தைக் காலணிக் கடை என்று எண்ணிவிடாதீர்கள்; 1849இல் நாட்டிங்காமில் மூலிகைக் கடை தொடங்கிய ஜான் பூட் என்பவரின் குடும்பப் பெயர் அது. இத்தகைய சலுகையில் விலை குறைந்த பொருள் இலவசம். மூன்றும் 3 பவுண்டு என்றால் 9க்கு 6 கொடுக்கிறோம். 33 சதவீதம் மிச்சம். 5, 3, 1 என்றால் 9க்கு 8 கொடுக்கிறோம். மிச்சம் 11 சதவீதம். மூன்றாவது பொருள் தேவையே இல்லை என்றால் மிச்சம் என்ற பேச்சே இல்லை.

நுரைக்கும் உருண்டை

குளியல் குண்டு என்பது தொட்டி நீரில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்துக் கரையும் உருண்டை. 1989இல் இங்கிலாந்தின் பூல் என்ற கடற்கரை ஊரில் மோ கான்ஸ்டன்டைன் என்ற பெண்மணி இதை உருவாக்கினார். உள்ளே இருப்பது நம் வீட்டு ஆப்ப சோடாவும் சிட்ரிக் அமிலமும்தான். உலர்ந்திருக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும். நீர் பட்டதும் அயனிகளாகப் பிரிந்து வினைபுரிந்து கார்பன்-டை-ஆக்சைடை வெளிவிடும். 84 கிராம் சோடா 44 கிராம் வாயுவைத் தரும். அறை வெப்பநிலையில் அது 24 லிட்டர். 21 கிராம் சோடாவுக்கு 16 கிராம் அமிலம் போதும். 37 கிராம் பொடியிலிருந்து 6 லிட்டர் வாயு! ஒரு டம்ளரில் சிறு அளவில் செய்து, வெப்பநிலைமானியை வைத்துப் பாருங்கள். நுரைக்க நுரைக்க வெப்பநிலை இறங்கும்; இது வெப்பம் கொள்ளும் வினை. மூடிய புட்டிக்குள் மட்டும் இதைச் செய்யாதீர்கள், புட்டி வெடித்துவிடும்.

வெடித்த கைக்கு இந்தக் குண்டு செய்யும் நன்மை சொற்பம். வெந்நீரில் நெடுநேரம் ஊறினால் எண்ணெய்ப் பசை இன்னும் போகும். ஆனால் நாள் முழுவதும் நின்று வேலை செய்து வந்தவருக்கு அரைமணி நேர மகிழ்ச்சி கிடைக்கும். அதற்கும் ஒரு விலை கொடுக்கலாம். நம் ஊர் மழைக்காலத்தில் இதை வாங்கி வைத்தால் காற்றின் ஈரத்திலேயே மெல்ல நுரைத்துப் பொரிந்துபோகும்.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது?

கடைசியாக, காலுறையில் மிகச் சிறிய பொருள்: முத்துப்போல் மினுக்கும் கண்ணிமைப் பூச்சு. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. நிறமே இல்லாத இரு பொருள்களிலிருந்து இதில் நிறம் பிறக்கிறது. ஒன்று, நாம் காக்காப்பொன் என்று சொல்லும் அப்பிரகத்தின் மெல்லிய தகடு. மற்றது, அதன்மேல் பூசிய டைட்டானியம்-டை-ஆக்சைடு படலம். இதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.5, அப்பிரகத்துக்கு 1.6. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் அலை தலைகீழாகிறது. அடிப்பரப்பில் எதிரொளிக்கும் அலை அப்படி ஆவதில்லை. ஆகவே உள்ளே போய்வரும் அலை அரை அலைநீளம் பின்தங்கினால் இரண்டும் சேர்ந்து வலுக்கும். தடிமன் 55 நானோமீட்டர் என்றால், 2, 2.5, 55 மூன்றையும் பெருக்கக் கிடைப்பது 275. இது 550 நானோமீட்டர் அலைநீளத்தில் சரிபாதி. கண்ணுக்குத் தெரியும் நிறமாலையின் நடுப்பகுதி வலுத்து, பூச்சு வெள்ளிபோல் ஒளிரும். தடிமனை 135 ஆக்கினால் 675 கிடைக்கும். இது 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு ஒன்றரை அலைநீளம். நீலம் வலுக்கிறது. 675 நானோமீட்டர் சிவப்புக்கோ அது சரியாக ஓர் அலைநீளம், சிவப்பு அழிகிறது. எண்ணெய்ப் படலத்தில் நிறம் காட்டும் அதே குறுக்கீட்டு விளைவு!

இந்த அப்பிரகம் எங்கிருந்து போகிறது தெரியுமா? பெரும் பகுதி நம் நாட்டிலிருந்து. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரீடி மாவட்டங்களும் பீகாரின் ஒரு பகுதியும் சேர்ந்தது அப்பிரக வட்டாரம். சட்டப்படி நடந்த சுரங்கங்கள் பல மூடப்பட்ட பிறகு, கைவிட்ட குழிகளில் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளோடு இறங்கிச் செதில்களைப் பொறுக்குகின்றன. அக்குழிகள் சரிந்து குழந்தைகள் இறந்ததை 2016இல் ராய்ட்டர்ஸ் செய்தி விசாரணை ஒன்று உலகுக்குத் தெரிவித்தது. உங்களைவிடச் சிறியவர்கள் அவர்கள். மறு ஆண்டில், அப்பிரகம் வாங்கும் நிறுவனங்கள் பல கூடி இதைச் சீர்செய்யப் பாரிஸில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. வாங்குவதை நிறுத்திவிட்டால் அந்தக் குடும்பங்கள் எதை உண்ணும் என்ற கேள்வியும் இருக்கிறது. எளிய விடை எனக்குத் தெரிந்து இல்லை. பட்டியலில் 'மைக்கா' அல்லது சி.ஐ. 77019 என்றிருந்தால் அது அப்பிரகம். 'சிந்தெடிக் ஃபுளூர்ஃப்ளோகோபைட்' என்ற நீண்ட பெயர் இருந்தால், உலையில் உருக்கிச் செய்த செயற்கை அப்பிரகம். குழியில் யாரும் இறங்கவில்லை. அதன் தகடுகள் இன்னும் தெளிவானவை, மினுமினுப்பில் குறைவில்லை.

மான்செஸ்டர் மாணவி இப்போது கடைக்குள் நுழைந்தால், இரவுக்கு ஒரு டப்பா பெட்ரோலிய ஜெல்லியும், அதைப் பூசிய கைக்கு அணிய ஒரு ஜோடிப் பருத்திக் கையுறையும், பகலுக்குக் கிளிசரின் மிகுந்த ஒரு சாதாரணக் குழாய்க் கிரீமும் எடுத்துக்கொள்வாள். மீதிக் காசில் ஒரு குளியல் குண்டு. காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம் வைக்கவும் இடம் இருக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. உதகமண்டலத்தில் டிசம்பர் இரவு ஒன்றில் வெளியே 5 டிகிரி. காற்று தெவிட்டிய நிலையில், கன மீட்டருக்கு 6.8 கிராம் நீராவியோடு இருக்கிறது. அதே காற்றை அறைக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் என்ன? அங்கே இருக்கும் உங்கள் அத்தைக்கு எந்தப் பரிசை அனுப்புவீர்கள்?